தங்கமும் அன்று, அதிசயமும் அன்று: திருமலைப் பல்லியும் மூன்று பெயர்ப்பிழைகளும்

திருமலையில் சக்கர தீர்த்தத்தின் பக்கமோ சிலாதோரணத்தின் பக்கமோ பாறை இடுக்கிலிருந்து மஞ்சள் நிறப் பல்லியொன்று தலை நீட்டினால் போதும். "தங்கப் பல்லி தரிசனம்", "காணக் கிடைக்காத அதிசயம்", "ஏழுமலையில் மட்டுமே வாழும் தெய்வீகப் பல்லி" என்னும் வரிகளோடு அதன் படம் கைப்பேசிகளில் சுற்றத் தொடங்கிவிடுகிறது. அச்சிதழ்களும் தொலைக்காட்சிகளும் அதே வரிகளை எடுத்துக்கொள்கின்றன. படத்தின் கீழ்க் கும்பிடும் கைகள் குவிகின்றன. சில நாள்களில் எல்லாம் அடங்கிவிடும். அடுத்த படம் வரும்போது அதே வரிகள் மீண்டும் எழும்.

இதில் என்ன கேடு என்று கேட்கலாம். ஒரு சிற்றுயிரை மக்கள் வணங்கிவிட்டுப் போகிறார்கள். வணங்குவதால் எந்த உயிருக்கும் தீங்கில்லையே என்பது பலருடைய எண்ணம். கேடு வணக்கத்தில் இல்லை; அந்த வரிகளில் உள்ள மூன்று கூற்றுகளில் இருக்கிறது. அது தங்க நிறப் பல்லி என்பது ஒன்று. அரிதாகத் தோன்றும் அதிசயம் என்பது மற்றொன்று. திருமலையில் மட்டுமே வாழ்வது என்பது மூன்றாவது. மூன்றும் பிழை. அவற்றுள் மூன்றாவது பிழை அந்த உயிரின் வாழிடத்தையே பறிக்க வல்லது.

முதலில் அந்தப் பல்லி யார் என்பதைப் பார்க்க வேண்டும். அறிவியல் உலகில் அதன் பெயர் கலோடாக்டைலோடெஸ் ஆரியஸ். 1870இல் ரிச்சர்டு ஹென்றி பெடோம் அதை முதன்முதலாக விவரித்தார். அவர் சென்னை மாகாணத்தின் வனத்துறையில் உயர்பொறுப்பு வகித்த படை அதிகாரி. தென்னாட்டின் பாம்புகள், பல்லிகள், தாவரங்கள் பலவற்றுக்கு அறிவியல் பெயர் சூட்டியவர். பெயரின் இரண்டாம் பகுதியாகிய ஆரியஸ், பொன்னிறம் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல். பேரினத்துக்கு அவர் இட்ட பெயர் கலோடாக்டைலஸ்; கிரேக்கத்தில் 'அழகிய விரல்' என்று பொருள்படும். அந்தப் பெயர் அதற்கு முன்பே வேறொரு விலங்குப் பேரினத்துக்கு வழங்கப்பட்டிருந்ததால், 1926இல் எம்பிரிக் ஸ்ட்ரான்ட் அதைக் கலோடாக்டைலோடெஸ் என்று மாற்றினார். விலங்குப் பெயரிடலில் ஒரு பேரினப் பெயர் இரண்டு பேரினங்களுக்கு நிற்கக் கூடாது, முந்தியதே நிற்கும்.

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. பெடோமின் கண்ணைக் கவர்ந்தவை இரண்டு: நிறமும் விரலும். நிறத்தை இனப்பெயரில் வைத்தார்; விரலைப் பேரினப் பெயரில் வைத்தார். வகைப்பாட்டியலில் நிறத்தைவிட விரலுக்கே எடை மிகுதி. அதற்குக் காரணம் எளியது: நிறம் மாறும்.

இந்தப் பல்லியின் பொன்னிறம் எல்லாப் பல்லிகளிலும் எல்லாப் பருவங்களிலும் இருப்பதில்லை. இனப்பெருக்கக் காலத்தில் முதிர்ந்த ஆண் பல்லிகளே ஒளிரும் மஞ்சள் நிறம் பூணுகின்றன. பெண் பல்லிகளும் இளம் பல்லிகளும் பாறையின் பழுப்பு நிறத்தோடு கலந்திருக்கின்றன. ஆகவே "தங்கப் பல்லியைக் கண்டோம்" என்று சொல்பவர் கண்டது அந்த இனத்தின் ஒரு பாலை, ஒரு பருவத்தில். அதே பாறையில் அரை முழம் தள்ளி ஒட்டியிருக்கும் பழுப்புப் பல்லியை அவர் பார்த்தும் பாராமல் போயிருப்பார். அது தங்கமாக இல்லாததால் அவருக்கு அது பல்லியும் அன்று, அதிசயமும் அன்று. 'அரிதாகத் தோன்றுகிறது' என்னும் கூற்றின் வேர் இதுதான். பல்லி அரிதாகத் தோன்றவில்லை; பார்ப்பவர் நிறத்தை மட்டும் தேடுவதால் இனம் அரிதாகத் தெரிகிறது. போதாக்குறைக்கு இது பெரும்பாலும் இரவில் இயங்கும் உயிர். பகலில் பாறைப் பிளவுகளிலும் குகை விதானங்களிலும் ஒதுங்கியிருக்கும். பகலில் வந்து போகும் யாத்திரிகர் கண்ணில் அது சிக்காததற்கு மாயம் எதுவும் தேவையில்லை.

உடலமைப்பைச் சொன்னால் இன்னும் தெளிவாகும். மூக்கு நுனியிலிருந்து கழிதுளை வரை ஏறத்தாழ 9 சென்டிமீட்டர், வால் தனி. வீட்டுச் சுவரில் திரியும் பல்லியைவிடக் கண்கூடாகப் பெரியது. முதுகில் மணல் தூவியதுபோல் நுண்ணிய செதில்கள். இமையற்ற பெரிய கண்கள். சிறப்பு முழுவதும் விரலில் இருக்கிறது. வீட்டுப் பல்லியின் விரலடியில் மெல்லிய தகடுகள் வரிசை வரிசையாக விரலின் நீளவாக்கில் அடுக்கப்பட்டிருக்கும். இதிலோ விரல் மெலிந்து நீண்டு, நுனியில் திடீரென அகன்று இரண்டு தட்டுகளாகப் பிரிகிறது. அதற்குச் சற்றுப் பின்னே மற்றோர் இணைத் தட்டுகள் உள்ளன. இந்த அமைப்பால்தான் செங்குத்துப் பாறையிலும் தலைகீழ்க் குகைக் கூரையிலும் அது தளர்வின்றி ஓடுகிறது. பல்லியின் காலில் பசை இருக்கிறது என்பது பழைய நம்பிக்கை. கண்ணுக்குப் புலப்படாத நுண்மயிர்கள் பாறைப் பரப்பை மிக நெருங்கித் தொடும்போது மூலக்கூறுகளுக்கு இடையே எழும் ஈர்ப்பே அதைத் தாங்குகிறது என்பது இன்று நிறுவப்பட்ட செய்தி. முட்டைகளையும் அது பாறையிலேயே ஒட்டவைக்கிறது. பல பெண் பல்லிகள் ஒரே இடுக்கில் முட்டையிடுகின்றன. கடினமான வெள்ளை ஓடுகள் பாறையில் கொத்துக் கொத்தாகப் படிந்திருக்கும். ஒதுங்குவது, இரை தேடுவது, முட்டையிடுவது எல்லாம் பாறையில். பாறை போனால் பல்லி போயிற்று. இந்த ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொண்டால் போதும்; மற்ற வாதமெல்லாம் இதிலிருந்தே பிறக்கும்.

அழகிய விரலைப் பற்றிய பேச்சு வட ஆப்பிரிக்காவை நினைவூட்டும். எகிப்து முதல் மொராக்கோ வரையுள்ள பாறை நிலங்களில் டையோடாக்டைலஸ் என்னும் பேரினத்துப் பல்லிகள் வாழ்கின்றன. பெயரின் பொருள் 'விசிறி விரல்'. அவற்றின் விரல் நுனியும் விசிறிபோல் அகன்றிருக்கும். அவையும் பாறைவாழ் இரவுயிர்களே. பார்த்த மாத்திரத்தில் திருமலைப் பல்லிக்கும் அவற்றுக்கும் ஒரு குடும்ப ஒற்றுமை தோன்றும். ஆனால் மரபணு ஆய்வு வேறு கதை சொல்கிறது. டையோடாக்டைலஸ், 2008இல் தனிக் குடும்பமாகப் பிரிக்கப்பட்ட ஃபைலோடாக்டைலிடேயைச் சேர்ந்தது. திருமலைப் பல்லி, வீட்டுப் பல்லியோடு சேர்ந்து கெக்கோனிடே குடும்பத்தில் நிற்கிறது. 2012இல் வெளியான விரிவான ஆய்வொன்று, ஒட்டும் விரல்கள் பல்லிகளின் வரலாற்றில் 11 முறை தனித்தனியே தோன்றி, 9 முறை மறைந்தன என்று கணித்தது. ஒரே வகைத் தேவை ஒரே வகை வடிவத்தை வெவ்வேறு கிளைகளில் மீண்டும் மீண்டும் பிறப்பித்திருக்கிறது.

மொழியியல் பயின்றோருக்கு இது பழகிய பாடம். தமிழ் 'ஒன்று' என்பதும் ஆங்கில 'ஒன்' என்பதும் ஒலியிலும் பொருளிலும் ஒத்திருக்கின்றன. ஆயினும் அவற்றுக்கு உறவில்லை. தமிழ்ப் 'பல்லி' என்பதும் கன்னட 'ஹல்லி' என்பதும் முதலெழுத்தில் வேறுபடுகின்றன. ஆயினும் அவை உடன்பிறந்தவை. பால்–ஹாலு, புலி–ஹுலி, பல்–ஹல்லு என ஒழுங்காக வரும் மாற்றமே அதற்குச் சான்று. தெலுங்கின் 'பல்லி', வல்லொலியோடு தொடங்கினும், அதே குடியைச் சேர்ந்தது. தோற்ற ஒப்புமை உறவாகாது. ஒழுங்கான மரபுத் தொடர்ச்சியே உறவு. உயிரினங்களுக்கும் சொற்களுக்கும் இந்த விதி பொதுவானது. இதை ஒப்புக்கொள்பவர், காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலில் யாத்திரிகர் தொட்டு வணங்கும் தங்க, வெள்ளிப் பல்லி உருவங்களையும் திருமலைப் பாறையில் ஓடும் உயிருள்ள பல்லியையும் ஒரே தொடரில் முடிந்துவிட மாட்டார். அங்கே உள்ளது ஒரு தலபுராணம். இங்கே உள்ளது ஓர் இனம். இரண்டுக்கும் பொதுவாக இருப்பது 'தங்கப் பல்லி' என்ற சொற்றொடர் மட்டுமே.

சொல்லைப் பற்றிய இரண்டாவது குற்றம் தமிழெழுதுவோருடையது. ஆங்கிலத்தில் 'லிசர்டு' என்பது பரந்த சொல். நான்கு கால் ஊர்வனவற்றுள் பெரும்பாலானவற்றை அது வாரிக்கொள்ளும். அதைக் கண்ணை மூடிக்கொண்டு 'பல்லி' என்று பெயர்க்கும் வழக்கம் செய்தியறைகளிலும் பாடநூல்களிலும் புகுந்துவிட்டது. உடும்பு 'பெரிய பல்லி' ஆகிறது. பச்சோந்தி 'நிறம் மாறும் பல்லி' ஆகிறது. இந்தோனேசியாவின் கொமோடோ உடும்பு 'உலகின் மிகப் பெரிய பல்லி' ஆகிறது. தமிழுக்கு இந்த வறுமை வரக் காரணமே இல்லை. பல்லி, ஓணான், உடும்பு, அரணை, பச்சோந்தி என்று ஐந்து சொற்கள் எந்தச் சிற்றூரிலும் வழங்குகின்றன. அவற்றை இன்றைய வகைப்பாட்டின்மேல் வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய ஐந்து தனிக் குடும்பங்கள் கிடைக்கின்றன: கெக்கோனிடே, அகாமிடே, வாரனிடே, சின்சிடே, கமீலியானிடே. படிப்பறியாத ஆட்டிடையர் ஓணானைப் பல்லி என்று சொல்ல மாட்டார். படித்த செய்தியாளர் சொல்கிறார். ஆங்கிலம் தெரிந்ததால் வந்த அறியாமை என்பதைத் தவிர இதற்கு வேறு பெயரில்லை.

பெயர் மங்கினால் அச்சம் பெருகும் என்பதற்கும் சான்றுகள் உண்டு. அரபியில் பல்லிக்கு வழங்கும் அபூ புரைஸ் என்ற பெயர் தோல்வெண்மை நோயைக் குறிக்கும் சொல்லோடு தொடர்புடையது. பல்லி தொட்டால் அந்நோய் வரும் என்ற நம்பிக்கையும் அதனோடு ஒட்டிக்கொண்டது. லின்னேயஸின் மாணவர் ஹாசல்குவிஸ்ட் பதினெட்டாம் நூற்றாண்டில் கெய்ரோவுக்குச் சென்று, அங்குள்ள பல்லியின் விரல்களில் நஞ்சு ஊறுவதாக எழுதினார். எகிப்தின் விசிறிவிரல் பல்லி இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது, நஞ்சோ இல்லை. தமிழகத்திலும் சித்தூரிலும் 'பல்லி விழுந்த உணவு நஞ்சு' என்ற நம்பிக்கை அழியவில்லை. உணவில் எந்த உயிர் விழுந்தாலும் கிருமியால் வயிறு கெடலாம். அது தூய்மையின் சிக்கல்; பல்லியின் நஞ்சு அன்று. இந்தியப் பல்லி எதற்கும் நஞ்சில்லை. ஆக, வீட்டில் வாழ்ந்தால் நஞ்சு. சொன்னால் கௌளி சாத்திரம். மேலே விழுந்தால் தோஷம். மலையில் மஞ்சளாய்த் தோன்றினால் தெய்வம். எந்த நிலையிலும் அது ஓர் உயிராக மட்டும் இருக்க விடப்படுவதில்லை.

மூன்றாவது பிழைக்கு வருவோம்: 'திருமலையில் மட்டும்'.

1870இல் பெடோம் அந்தப் பல்லியை எடுத்த திருப்பதி மலை, வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1911இல் சித்தூர் மாவட்டம் பிறந்தது. மலை அதற்குள் வந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் பிரிக்கப்பட்டது. மலை அங்கே போயிற்று. புத்தலப்பட்டு சித்தூரிலேயே நின்றது. மூன்று மாவட்டப் பெயர்கள் மாறிய இந்தக் காலமெல்லாம் பல்லி பாறையை விட்டு அசையவில்லை. 1986இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்விதழில், அந்த இனம் ஆந்திரத்தின் கிழக்குத் தொடர்ச்சி மலையில் மீண்டும் கண்டறியப்பட்டது என்ற குறிப்பு வெளிவந்தது. 'மீண்டும் கண்டறியப்பட்டது' என்பது அறிவியலின் நோக்கில் சொல்லப்படுவது. பல்லி எங்கும் போய்விட்டுத் திரும்பவில்லை. தேடுவோர்தாம் நெடுங்காலம் வரவில்லை.

தேடத் தொடங்கிய பின் நிகழ்ந்தது என்ன? திருமலைக்கு அப்பால் ஆந்திரத்தின் வேறு மலைகளிலும், ஒடிசாவிலும், தமிழ்நாட்டின் வேலூர்ப் பகுதியிலும் அது பதிவாயிற்று. அதே பேரினத்தின் மற்றோர் இனம் இலங்கையின் கிழக்கிலும் தென்கிழக்கிலும் பாறைக் குகைகளில் வாழ்கிறது. 1953இல் தெரணியகலை அதை விவரித்தார். இந்தப் பேரினத்தில் இனங்கள் இரண்டே. ஒன்று கிழக்குத் தொடர்ச்சி மலையில். மற்றது கடலுக்கு அப்பால் இலங்கையில். இத்தகைய அரிய வரலாற்றுச் செய்தி கையில் இருக்கும்போது, அதை விட்டுவிட்டு 'ஏழுமலையின் அதிசயம்' என்று சுருக்குவது பல்லிக்குச் செய்யும் பெருமை அன்று, சிறுமை.

இப்போது புத்தலப்பட்டுக்கு வர வேண்டும். சித்தூரிலிருந்து வடக்கே போகும் நெடுஞ்சாலை அங்கேதான் திருப்பதிக்கு ஒரு கிளை விடுகிறது. காணிப்பாக்கத்துக்கும் திருமலைக்கும் போகும் வண்டிகள் அந்த வழியில் ஓடுகின்றன. சாலையின் இருபுறமும் கருங்கற் குன்றுகள். உருண்டை உருண்டையாக அடுக்கிய பாறைகள். அவற்றிடையே ஆழமான இடுக்குகள். திருமலையின் மேற்பாறை குவார்ட்சைட், இங்குள்ளது கிரானைட். சித்தூர் மாவட்டத்தின் கிரானைட்டுக்கு வெளிநாடுகள் வரை சந்தை உண்டு. பல குன்றுகள் அறுக்கப்பட்டுப் பளபளக்கும் பலகைகளாக வெளியேறிவிட்டன. வண்டியில் போகும் யாத்திரிகர் அந்தக் குன்றுகளைப் பார்ப்பதில்லை. அவர் பார்க்கப் போகும் 'அதிசயம்' மலைமேல் இருப்பதாக அவருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது.

வகைப்பாடு என்பது ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ணுவோர் கவனிக்க வேண்டிய இடம் இது. அந்தப் பல்லியைத் 'திருமலையின் தெய்வீகப் பல்லி' என்று வகைப்படுத்தினால், திருமலைக்கு வெளியே உள்ள குன்று வெறுங்கல். கல்லை அறுக்கத் தடையில்லை. 'கிழக்குத் தொடர்ச்சி மலைப் பகுதியின் பாறைப் பிளவுகளில் வாழும் இனம்' என்று வகைப்படுத்தினால், பிளவுள்ள ஒவ்வொரு குன்றும் முதலில் தேடப்பட வேண்டிய இடம். தேடிய பின்பே உரிமம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இந்தப் பல்லி இருக்கிறது. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே அட்டவணை. அந்தப் பாதுகாப்பு இனத்துக்கு உரியது. மலைக்கு மட்டும் உரியது அன்று. சட்டம் சரியாக வகைப்படுத்தியிருக்கிறது. செய்தித் தலைப்பு அதைத் தவறாகக் குறுக்குகிறது.

இதற்கு எதிராக இரண்டு வாதங்கள் வரும். இரண்டையும் ஒதுக்காமல் பார்க்கலாம்.

முதல் வாதம்: "பல மாநிலங்களில் வாழ்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள்; உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலிலும் அது குறைந்த கவலைக்குரிய இனமாகவே இருக்கிறது; பிறகு எதற்கு இந்தப் பதற்றம்?" விடை இதுதான். பரந்த எல்லை என்பது தொடர்ந்த எல்லை அன்று. பாறைவாழ் உயிருக்கு ஒவ்வொரு குன்றும் ஒரு தீவு. நடுவிலுள்ள வயலும் சாலையும் அதற்குக் கடல். ஒரு குன்று அழிந்தால் அங்கிருந்த கூட்டம் பக்கத்துக் குன்றுக்குக் குடிபெயர்ந்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. ஒரே இடுக்கில் பல பல்லிகளின் முட்டைகள் சேர்ந்திருப்பதால், ஒரு வெடியில் ஒரு தலைமுறையே போகும். பட்டியலில் இனம் நலமாக இருக்கும். குன்றில் பல்லி இராது.

இரண்டாம் வாதம் வலுவானது: "பக்திதான் அந்த மலையைக் காத்தது; பக்தியைக் குலைத்தால் பல்லிக்கு யார் காவல்?" திருமலையின் புனிதம் அந்த மலைக்காட்டைப் பெரிதும் காத்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை. மலையைச் சூழ வெங்கடேசுவரா தேசியப் பூங்கா இருக்கிறது. 2010 முதல் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகமும் இருக்கிறது. ஆனால் புனிதத்துக்கு எல்லை உண்டு. அது மலையடிவாரத்தோடு முடிந்துவிடுகிறது. தெய்வீகம் என்பதால் காக்கப்படும் உயிர், தெய்வீகம் இல்லாத இடத்தில் காவலற்று நிற்கும். 'தங்கம்' என்ற சொல்லுக்கு மற்றொரு வகைப் பக்தர்களும் உண்டு. வடகிழக்கு இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் டோக்கே என்னும் பெரிய பல்லி, நோய் தீர்க்கும் என்ற பொய்யால் பெருந்தொகைக்குக் கடத்தப்பட்டது. 2019இல் பன்னாட்டு வணிக உடன்படிக்கை அதற்குக் கட்டுப்பாடு விதிக்க வேண்டியதாயிற்று. அந்த வணிகத்தைத் தூண்டியது பல்லியின் உடலில் இருந்த எதுவும் அன்று, அதைப் பற்றிப் பரவிய பேச்சு. ஓர் உயிரைத் தங்கம், அதிசயம், கிடைத்தற்கரியது என்று திரும்பத் திரும்பச் சொல்வது அதற்கு விலை குறிப்பதற்கு ஒப்பாகும். புத்தலப்பட்டுத் தொகுதியிலேயே பங்காருபாளையம் இருக்கிறது. பெயரில் பங்காரு இருப்பதால் அங்கே எவரும் தங்கம் தோண்டுவதில்லை. ஊருக்குக் காட்டும் அந்த அறிவைப் பல்லிக்கும் காட்டலாம்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. படத்தைப் பகிர்வோர் 'கிழக்குத் தொடர்ச்சி மலையின் பாறைப் பல்லி' என்று எழுதலாம். தெலுங்கிலும் அதையே சொல்லலாம். 'பொன்னிறப் பல்லி' என்ற பெயரை விட மனமில்லையெனில், பொன்னிறம் ஆணுக்கு, பருவத்துக்கு மட்டும் என்ற ஒரு வரியைச் சேர்க்கலாம். மொழிபெயர்ப்போர் 'லிசர்டு' என்ற சொல்லைக் கண்டதும் ஐந்து தமிழ்ச் சொற்களில் எது பொருந்தும் என்று ஒரு நொடி எண்ணலாம். திருமலைக்கு வருவோரிடம் வனத்துறை ஒரு பலகை வழியே இந்த இனம் மலைக்கு வெளியேயும் வாழ்வதைச் சொல்லலாம். குவாரிக்கு உரிமம் வழங்கும் அலுவலகங்கள், குன்றை அளக்கும் முன்பு இரவில் விளக்கோடும் பயிற்சி பெற்ற இருவரோடும் பிளவுகளைப் பார்க்க ஆணையிட வேண்டும். பாறையில் ஒட்டிய முட்டை ஓடுகள் ஆண்டுகள் கடந்தும் தடயமாக நிற்கக் கூடியவை. பல்லியே எதிர்ப்படாவிட்டாலும் அவை சொல்லும்.

இவற்றுள் கடைசியானது நடைபெறாவிட்டால் மற்றவை வெறும் சொற்திருத்தமாகவே முடியும். திருமலையில் ஒரு பல்லியை ஆயிரம் பேர் கும்பிட்டுக்கொண்டிருக்கும் அதே நாளில், அதன் இனம் வாழக்கூடிய குன்றொன்று கீழே பலகையாக அறுபட்டு லாரியில் ஏறும். அந்த லாரியும் யாத்திரிகர் வண்டியும் புத்தலப்பட்டுச் சந்திப்பில் ஒன்றையொன்று கடந்து போகும்.